அம்மா விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டார், என்ன செய்வது?

சிப்புட் மகள்:

வணக்கம். நான் இங்கே எழுதுவதே இல்லை, படிப்பதோடு சரி. ஆனால் இரண்டு மாதமாக மனசில் கிடந்து உறுத்துகிற ஒன்றை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருக்கிறது. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வயது 79. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பதினான்கு வயதில் காண்டா வாளி (தோளில் தண்டு வைத்து ரப்பர் பால் சுமக்கிற வாளி) தூக்கினார். கல்யாணம், நாங்கள் நான்கு பேர் பிறந்தது, அப்பா போனது எல்லாமே அந்த ஒரே லயத்து வரிசை வீட்டில்தான். போன வருஷம் தோட்டத்து நிலம் கைமாறி, வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அம்மாவை டவுனுக்கு, என் பிளாட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். மூன்றாவது மாடி, மின்தூக்கி கிடையாது. தோட்டத்து மாரியம்மன் கோயிலையும் பெயர்த்து, இங்கிருந்து பதினொரு கிலோமீட்டர் தள்ளி ஒரு துண்டு நிலத்தில் தகரக் கூரை போட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை மாலை அம்மா கட்டியதுதான். நாற்பது வருஷத்துக்கு மேல். வீட்டுக்குப் பின்னால் அரளி, நந்தியாவட்டை, செம்பருத்தி எல்லாம் வைத்திருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் மொட்டாகப் பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு, மறுநாள் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துவிட்டு வந்ததும் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து கட்டுவார். ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை.

இங்கே வந்த முதல் மாதம் பரவாயில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் விட்டுவிட்டார். திருநீறு வைப்பதில்லை, சாமி மேடைப் பக்கம் போவதில்லை. காலையில் பசியாறிவிட்டு சமையலறை ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் மதியம் வரை அங்கேயேதான். கேட்டால் ஒரே பதில்: "ஆத்தா என்னைய விட்டுட்டுப் போயிட்டா. என்ன பாவம் செஞ்சேனோ, கடைசி காலத்துல கைய விட்டுட்டா."

இது எனக்கு ஏன் இவ்வளவு பயமாக இருக்கிறது என்றால், அம்மா அப்படிப்பட்டவரே இல்லை. 1948இல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியபோது அவருக்கு இரண்டு வயது, முள்கம்பி வேலிக்குள்தான் வளர்ந்தார். 1970இல் வேலை பெர்மிட் கிடைக்காமல் அவருடைய அக்கா குடும்பம் ரஜுலா கப்பல் ஏறி இந்தியாவுக்கே போனது, அதற்குப் பிறகு அந்த அக்காவை அவர் பார்க்கவே இல்லை. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்திருக்கிறார். அப்போதெல்லாம் "ஆத்தா பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டு மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போனவர். இப்போது மூன்று வேளைச் சோறும் மெத்தையும் இருக்கும்போது இப்படிச் சொல்கிறார்.

எங்களால் ஆனதைச் செய்தோம். அண்ணன் நல்ல தேக்கில் சாமி மேடை வாங்கி ஹாலில் தொலைக்காட்சிக்கு மேலே சுவரில் அடித்துக் கொடுத்தார். தோட்டத்து வீட்டில் ஒரு தடவை அம்மா விளக்கை அணைக்க மறந்து காலண்டர் மூலை கருகிப்போனதால், இங்கே எண்ணெய் விளக்கு வேண்டாம் என்று மின்சார விளக்குதான் வைத்தோம். யூடியூப்பில் பக்திப் பாட்டு போட்டுவிட்டு வேலைக்குப் போவேன், திரும்பி வந்தால் அணைத்து வைத்திருப்பார். ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு அழைத்துப் போனோம், காரை விட்டு இறங்கவில்லை. இப்போது ஒருவர் ஜாதகம் பார்த்துவிட்டு தோஷம் இருக்கிறது, 1,500 வெள்ளிக்குப் பரிகாரம் செய்யலாம் என்கிறார். அண்ணன் சரி என்கிறார். தங்கச்சி சிங்கப்பூரிலிருந்து போன் போட்டு "வயசானா அப்படித்தான்கா, விடு" என்கிறாள்.

இது நோயா, சாமி விஷயமா, வெறும் வயசா? எண்பதை நெருங்கும் ஒருவருக்கு நாளையைப் பற்றிய ஒரு ஆசையைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தைப்பிங் மிசி:

தங்கச்சி, நான் அரசாங்க கிளினிக்கில் 31 வருஷம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "வயசானா அப்படித்தான்" என்பதை நம்பாதீர்கள். எண்பது வயதில் முட்டி வலிப்பது இயல்பு. நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் விட்டுவிடுவது இயல்பு இல்லை.

தூக்கம் எப்படி, சாப்பாடு குறைந்திருக்கிறதா, சட்டை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கிளினிக்கில் முதியவர்களுக்கான மனச்சோர்வுக் கேள்விகள் பதினைந்து உண்டு, எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை என்ற பதில்தான், பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். வாழ்க்கையில் திருப்தி இருக்கிறதா, தன் நிலைமைக்கு விடிவே இல்லை என்று தோன்றுகிறதா என்றெல்லாம் கேட்பார்கள். அதைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்து வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்றால் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், அந்த மாத்திரை அதைக் குறைக்கும். பி12 குறைந்தால் சோர்வு, மறதி, மனசு விட்டுப்போவது எல்லாம் வரலாம். கண்ணையும் காதையும் மறக்காதீர்கள். காது மந்தமானவருக்கு யூடியூப் பாட்டு வெறும் இரைச்சல்தான்.

அப்புறம் அந்த "ஆத்தா கைவிட்டுட்டா" என்ற பேச்சு. இதை லேசாக எடுக்க வேண்டாம். அமெரிக்காவில் கென்னத் பர்கமெண்ட் என்ற மனவியல் அறிஞரும் கூட்டாளிகளும் 55 வயதுக்கு மேற்பட்ட 596 நோயாளிகளை இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்து 2001இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரோ, என்மேல் அவருக்கு அன்பு இல்லையோ என்று உள்ளுக்குள் போராடிக்கொண்டிருந்தவர்களிடம் இறப்பு ஓரளவு கூடுதலாக இருந்தது, உடல்நிலை வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்த பிறகும். அவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், நம் அம்மாக்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வார்டில் நான் பார்த்ததும் இதுதான். சாமி நம்பிக்கை இருக்கிறவர்களைவிட, இல்லாதவர்களைவிட, சாமியிடம் மனஸ்தாபத்தில் இருக்கிறவர்கள்தான் ரொம்ப வாடிப்போவார்கள். புருஷன் பேசாமல் போன வீடு மாதிரி இருப்பார்கள்.

ஆகவே அம்மா அப்படிச் சொல்லும்போது "சே, அப்படிச் சொல்லாதம்மா" என்று வாயை அடைக்காதீர்கள். "எப்பலேர்ந்து அப்படித் தோணுதும்மா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா பக்கத்தில் உட்காருங்கள். பதில் வர நேரமாகும்.

ஒருவேளை செத்துப்போக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே கிளினிக்குக் கூட்டிப்போங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555, நீங்களும் அழைத்துப் பேசலாம். பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் ஆறுதல் வேண்டுமில்லையா.

கிள்ளான் மருமகள்:

மிசி அக்கா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். சொல்லக் கூச்சமான விஷயம், ஆனால் எங்கள் வீட்டில் ஒன்றரை வருஷம் யாரும் வாயைத் திறக்காததால் என் மாமியார் பட்ட பாடு கொஞ்சமில்லை.

மாமியார் ஓய்ந்துபோய்விட்டார் என்று நாங்களும் வாரா வாரம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பத்துமலை, மாரான், பினாங்கு என்று ஒன்று விடவில்லை. நாங்கள் ரொம்ப நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டோம். அவரோ கிளம்புகிற நாள் வந்தாலே முதல் நாள் மதியத்திலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். கடைசியில் சிறுநீரில் கிருமி பிடித்து, குளிர்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவருக்குச் சிறுநீர் அடக்க முடிவதில்லை. தும்மினால், படியேறினால் கசிந்துவிடுகிறது. அந்தத் துணியோடு சன்னிதானத்தில் நிற்பது தீட்டு, அதைவிடப் பெரிய பாவம் இல்லை என்று அவர் மனசுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறார். நாங்கள் ஒவ்வொரு வாரமும் அவரை அந்தப் பாவத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தோம்.

பிறகு டாக்டர் பயிற்சி சொல்லிக்கொடுத்தார், கொஞ்சம் குறைந்தது. பெரியவர்களுக்கான அணையாடையும் வாங்கினோம். ஆனால் அவருக்கு உண்மையிலேயே மூச்சு வந்தது எப்போது என்றால், எங்கள் தாமான் குடியிருப்புக் கோயில் குருக்களிடம் நானே தனியாகப் போய்ச் சொல்ல, அவர் வீட்டுக்கே வந்து, "உடம்புன்னா அப்படித்தான் பாட்டி, அபிஷேகத்துல சாமி மேலயே எல்லாம் ஊத்துறோம், அவர் அருவருக்கறதில்ல" என்று சொன்ன அன்றைக்குத்தான். மாமியார் அழுதார். நானும்தான்.

உங்கள் அம்மா காரை விட்டு இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதனால் சொல்கிறேன். பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள், அண்ணனை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

காண்டா வாளி 1949:

பாப்பா, நான் கோலகங்சார். தோட்டத்தில் 38 வருஷம் மரம் வெட்டியவன், வயசு 76. உங்கள் அம்மாவுக்கு மூன்று வயது இளையவன், அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தப் பரிகாரம். செய்யாதீர்கள். பணத்துக்காகச் சொல்லவில்லை. அம்மா ஏற்கெனவே "நான் பாவம் செஞ்சுட்டேன்" என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறார். பிள்ளைகள் 1,500 வெள்ளி கட்டிப் பரிகாரம் செய்தால் அந்தத் தீர்ப்பில் நீங்களும் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

என் கதையைச் சொல்கிறேன். இருபத்தொரு வருஷம் காவடி எடுத்தவன் நான். பத்துமலையில் 272 படியையும் காவடியோடு ஏறியிருக்கிறேன். அறுபத்தெட்டில் முட்டி போய்விட்டது. மனைவியும் அதே வருஷம் தவறிவிட்டாள். தைப்பூசத்தன்று மகன் என்னைக் கீழே நாற்காலியில் உட்கார வைத்து, கையில் தண்ணீர் போத்தலைக் கொடுத்து "இங்கேயே இருங்கப்பா" என்றுவிட்டு மேலே போனான். பாசத்தில்தான் செய்தான். ஆனால் அந்த மூன்று மணி நேரம் நான் நினைத்தது, முருகனுக்கு இனிமேல் என்னால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றுதான். அதற்கப்புறம் ஒரு வருஷம் நானும் கோயில் பக்கம் போகவில்லை. சாமி கும்பிடாமல் இருந்தேனே தவிர சாமி இல்லை என்று நினைக்கவில்லை. வேலையை விட்டு நிறுத்தப்பட்டவன் பழைய ஆபீஸ் பக்கம் போகக் கூச்சப்படுவான் இல்லையா, அந்தக் கூச்சம்.

என்னை மாற்றியது பெரிய உபதேசம் எதுவும் இல்லை. எங்கள் கோயில் செயலாளர், சின்னப் பையன், முப்பது வயது இருக்கும், ஒரு நாள் வீட்டுக்கு வந்து ஒரு பை திருநீறையும் ஒரு கட்டு வெள்ளைத் தாளையும் வைத்துவிட்டு, "தாத்தா, வெள்ளிக்கிழமைக்கு 200 பொட்டலம் வேணும், மடிக்க ஆள் இல்ல" என்றான். அவ்வளவுதான். இப்போது ஏழு வருஷமாக வியாழக்கிழமை எனக்கு அந்த வேலை. தாளை நான்கு விரல் சதுரமாக ஸ்கேல் வைத்துக் கிழிப்பேன், கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் மழமழவென்று இருந்து மடிப்புப் பிரிந்துவிடும். நடுவில் ஒரு சிட்டிகை வைத்து, மூலைக்கு மூலை மடித்து, கடைசி நாக்கை உள்ளே செருகிப் பெருவிரல் நகத்தால் ஒரு அழுத்து. கை நடுங்குகிற நாளில் ஒரு பொட்டலத்துக்கு இரண்டு நிமிஷம் ஆகும், ஆகட்டும். மருந்துக் கடை சீட்டைப் பார்க்காமலேயே எனக்கு வியாழக்கிழமை எது என்று தெரிகிறது.

அப்பர் சுவாமி 81 வயது வரை இருந்தார் என்பார்கள். அவர் கையில் இருந்தது உழவாரம், புல் செதுக்குகிற கருவி. அத்தனை பதிகம் பாடியவர், கடைசிவரை கோயில் தரையில் புல் செதுக்கினார். அவர் கயிலாயத்துக்குக் கிளம்பிய கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கால் தேய்ந்து, கை தேய்ந்து, நெஞ்சால் ஊர்ந்து, அதுவும் முடியாமல் கிடந்தபோது சாமி அவரை மேலே ஏறி வா என்று சொல்லவில்லை, குளத்தில் முங்கச் சொல்லி, எழுந்த இடத்தில், திருவையாற்றில், காட்சி கொடுத்தார். முட்டி போன பிறகுதான் எனக்கு அந்தக் கதை புரிந்தது.

நம்பிக்கை என்று கேட்டீர்கள். எங்கள் அப்பா காலத்தில் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தார்கள், ஆளாளுக்கு எங்கே போவது என்று கதறல். 1960இல் உங்கள் சுங்கை சிப்புட் எம்.பி.யாக இருந்த சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்றார். அப்பாவுக்கு அந்தப் பத்து வெள்ளி பெரிய பணம். கட்டினார். கட்டிய மறுநாளும் கடன்காரன் வாசலில்தான் நின்றான், ஆனால் அப்பா நிமிர்ந்து நடந்தார், நான் கண்ணால் பார்த்தேன். ஏதோ ஒன்றில் தன் கையும் இருக்கிறது என்றால்தான் மனுஷனுக்கு நாளை என்று ஒன்று வரும். சும்மா உட்கார வைத்து "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றால் வராது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். தொலைக்காட்சிக்கு மேலே இருக்கிற மேடை அம்மாவுக்கு எட்டுமா? அந்த மின்சார விளக்கை யார் ஏற்றுவது?

பிஎம் அந்தோணி:

நான் கத்தோலிக்கன், இருந்தாலும் ஐயா எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

எங்கள் அம்மா கடைசி நான்கு வருஷம் படுக்கையில். புக்கிட் மெர்தாஜம் புனித அன்னம்மாள் கோயில் பக்கத்தில்தான் வீடு, ஜூலை 26 திருவிழாவுக்கு ஊரே திரளும், அம்மாவுக்கு மணிச்சத்தம் மட்டும் கேட்கும். பங்கிலிருந்து வீட்டுக்கே நற்கருணை கொண்டுவந்து கொடுப்பார்கள், அது பெரிய ஆறுதல்தான், ஆனால் அதுவும் அம்மா வாங்கிக்கொள்கிற ஒன்று. ஒரு நாள் கொண்டுவந்த அக்கா, "எனக்கு ஆபரேஷன் இருக்கு, நீங்க எனக்காகச் செபிக்கணும்" என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மா என்னை ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கிவரச் சொல்லி அந்தப் பெயரை எழுதச் சொன்னார். விஷயம் பரவி, ஆட்கள் வந்து பெயர் கொடுக்க ஆரம்பித்தார்கள். பரீட்சை எழுதுகிற பிள்ளை, வேலை போனவன், பக்கத்து வீட்டு இந்துப் பாட்டி. செபமாலையில் ஒரு மணிக்கு ஒரு பெயர். தேறியவர்கள் பெயருக்குப் பக்கத்தில் என்னை ஒரு சின்னச் சிலுவை போடச் சொல்வார். இறக்கும்போது நோட்டு மூன்றாவது போய்க்கொண்டிருந்தது. வலி குறையவில்லை. ஆனால் "நான் ஏன் இன்னும் இருக்கேன்" என்ற கேள்வி நின்றுபோனது.

கறுப்புச் சட்டை மகன்:

மாற்றுக் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் அப்பா சாமி கும்பிடாதவர். பெரியார் 1929இலும் 1954இலும் மலாயா வந்தார், இரண்டாவது தடவை வந்தபோது அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது, அதிலிருந்து கடைசி மூச்சு வரை அவர் அப்படித்தான். "சாமி இல்லாம வயசான காலத்துல எப்படி" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அவர் காலையில் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து, கண் தெரியாத இரண்டு கூட்டாளிகளுக்குப் பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். மரண அறிவிப்பு முதற்கொண்டு. அவர் வராவிட்டால் அந்த இரண்டு பேருக்கும் அன்றைக்கு விடியாது.

உலகச் சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்க வைத்திருக்கிற கேள்வித்தாளில் ஆன்மிகத்துக்கென்று 32 கேள்விகள் கொண்ட ஒரு பகுதி உண்டு. படித்துப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். இறை நம்பிக்கை அதில் எட்டு அம்சங்களில் ஒன்றிரண்டுதான். மற்றது வாழ்க்கைக்குப் பொருள் இருக்கிறதா, எதையாவது பார்த்து வியக்கிறீர்களா, உள்ளே அமைதி இருக்கிறதா, நம்பிக்கை இருக்கிறதா என்பதுதான். அப்பா அதில் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பார். உங்கள் அம்மாவுக்கு அது மாலை கட்டுவதில் இருந்திருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுங்கள், சாமி வருகிறாரா என்பதை அம்மாவும் ஆத்தாவும் பேசி முடிவுசெய்துகொள்ளட்டும்.

சிப்புட் மகள்:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

மிசி அக்கா, கிளினிக்குக் கூட்டிப்போனோம். பதினைந்தில் ஒன்பது வந்தது, மனச்சோர்வு இருக்கிறது என்றார்கள். பி12 குறைவு, ஊசி போடுகிறார்கள். மனச்சோர்வுக்குச் சின்ன அளவில் ஒரு மாத்திரை கொடுத்து அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது, ஈப்போவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள், தேதிக்குக் காத்திருக்கிறோம். கிள்ளான் அக்கா, நீங்கள் சொன்னதைக் கேட்டேன், அம்மா சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். இருக்கலாம் என்று நினைக்கிறேன், இன்னொரு நாள் கேட்பேன்.

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்மா விளக்கு ஏத்துறதில்ல" என்று கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து, "சுவிட்ச் போட்டா எரியுது. அதுக்கு நான் எதுக்கு" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

அண்ணனோடு சண்டைதான். தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று கேட்டார், அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது, மூன்றாவது மாடி. கடைசியில் மேடையைக் கழற்றி, இடுப்பளவு உயரத்தில் ஒரு அலமாரி மேல் வைத்து, முன்னால் ஒரு நாற்காலி போட்டோம். பழைய பித்தளைக் காமாட்சி விளக்கைப் பெரிய எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வைத்தோம். நான் வேலை முடிந்து வந்த பிறகு ஏழு மணிக்குத்தான் ஏற்றுவது, ஒன்பதுக்கு நான் பார்த்து மலையேற்றிவிடுவேன் என்று பேச்சு.

முதல் நாள் அம்மா கிட்டவே வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் நான் பஞ்சைத் திரித்துக்கொண்டிருந்தேன், வேண்டுமென்றே மோசமாகத் திரிக்கவில்லை, எனக்கு உண்மையிலேயே அது வராது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "குடு இங்க" என்று வாங்கினார். பார்வை மங்கல், அதனால் கண்ணை மூடிக்கொண்டு, தொடை மேல் வைத்து உள்ளங்கையால் ஒரே உருட்டு. நுனியை நாக்கில் நனைக்கப் போய், நினைவு வந்து நிறுத்தி, எண்ணெயில் தொட்டு முறுக்கினார். விரல்களில் உளி பிடித்த காய்ப்பு இன்னும் இருக்கிறது. ஏற்றினார். கும்பிடவில்லை, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ராத்திரியில் இன்னும் புலம்புகிறார். ஜன்னலோரம்தான் காலைப்பொழுது. ஆனால் போன புதன்கிழமை, தானாகவே, புதுக் கோயிலில் இப்போது யார் மாலை கட்டுகிறார்கள் என்று கேட்டார். விசாரித்தேன். டவுனில் கடையில் வாங்கிப் போடுகிறார்களாம். அம்மா முகம் சுளித்தார். "கடை மாலையா? நூல்ல கட்டியிருப்பான், ஆத்தா கழுத்த அறுக்கும்" என்றார். எட்டு மாதத்தில் அம்மா முகத்தில் இப்படி ஒரு சுளிப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

கீழ்த் தளத்தில் இருக்கிற அக்கா அவர் வாசலில் நான்கைந்து பூந்தொட்டி வைத்துக்கொள்ளலாம் என்றுவிட்டார். அவர் மகன் வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் மோட்டாரில் வேலைக்குப் போகிறவன், மாலையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்கிறான். நந்தியாவட்டைக் கன்று ஒன்று வாங்கிவிட்டோம். அம்மாவுக்கு அரளிதான் வேண்டுமாம், சிவப்பு, அடுக்கு இல்லாதது, தோட்டத்து வீட்டில் இருந்த மாதிரி. நர்சரியில் கேட்டால் அடுக்கு அரளிதான் இருக்கிறது. வாழைநாரும் வேண்டும். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒற்றை அரளி யார் வீட்டிலாவது இருக்கிறதா?

காண்டா வாளி 1949:

என் வீட்டு வேலியோரம் நிற்கிறது பாப்பா, சிவப்பு, ஒற்றைதான். தண்டு வெட்டி ஈரச்சாக்கில் சுற்றி வைக்கிறேன், பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விஷம். வாழை பின்னால் நிறைய இருக்கிறது, பட்டையை உரித்துக் காயப்போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மகனை அனுப்பிவிடவா, இல்லை அம்மாவையே அழைத்துக்கொண்டு வருகிறீர்களா? வீடு தரையோடு இருக்கிறது, ஒரு படிதான்.